பழைய பிக்கப்பின் லோட் சென்சிங் பிரேக் வால்வு: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது

பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் பிரஷரை மாற்றும் வால்வு இது. பெயரில்தான் லோட் இருக்கிறது. வால்வுக்கு எடை தெரியாது. சேஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே தெரியும். வால்வு சேஸில் இருக்கும், அதன் லீவரிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்ஸிலுக்குப் போகும். பாரம் ஏறிப் பின்பக்கம் தணிந்தால் லீவர் உள்ளே இருக்கும் பிஸ்டனை அழுத்தி, பின் டிரம்முக்குக் கூடுதல் பிரஷரை விடும். காலி வண்டியில் குறிப்பிட்ட பிரஷருக்கு மேல் பின்பக்கம் போவதை மட்டுப்படுத்தும். இல்லையென்றால் சடன் பிரேக்கில் எடை முன்னால் சாய, பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுற்றிக்கொள்ளும்.

பல வருடம் ஓடிய வண்டியில் பெரும்பாலும் முதலில் கெடுவது லீவர் திரும்பும் அச்சான பிவட். சேறும் துருவும் ஏறி இறுகிவிடும். காலி நிலையில் இறுகினால் பாரத்தில் பின் பிரேக் போதாது, முன் பேட் சீக்கிரம் தேயும். பார நிலையில் இறுகினால் ஈர ரோட்டில் காலி வண்டி பின்பக்கம் வழுக்கும். கம்பியைக் கழற்றி லீவரைக் கையால் அசைத்தாலே தெரிந்துவிடும். வால்வின் ரப்பர் உறைக்கு அடியில் பிரேக் ஆயில் கசிந்திருந்தால் உள் சீல் போய்விட்டது; வால்வை மாற்றுவதுதான் வழி.

பாரம் தாங்கக் கூடுதல் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங் தகடு) போட்டவர்கள் கவனிக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்து, பாரத்திலும் தணியாததால், வால்வு எப்போதும் காலி வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். கம்பியின் அளவையோ பிராக்கெட்டையோ மாற்றினால் உயரம் சரியாகும். ஆனால் பட்டை விறைப்பாக இருப்பதால் பாரத்துக்கு ஏற்ற மாற்றம் முன்போல வராது. வால்வை எடுத்துவிட்டு நேர் பைப் போடுவது சுத்த மடத்தனம். கையால் திருகும் வால்வைப் போட்டால் காலி வண்டிக்கு ஏற்ற அளவில்தான் வைக்க முடியும், பாரத்தில் பின் பிரேக் குறையும்.

பிரேக் லைனில் சிக்கிய ஏரை (காற்றை) எடுக்கும்போது ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கு அடியில் கொடுங்கள். சேஸில் கொடுத்து ஆக்ஸிலைத் தொங்கவிட்டால் வால்வு பின் லைனை மட்டுப்படுத்தும், ஏர் முழுதாக வராது. வால்விலேயே ஏர் எடுக்கும் திருகு (ப்ளீடர் நிப்பிள்) இருந்தால் அதிலும் எடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

வால்வின் செட்டிங்கைத் தொடுமுன், டிரம்முக்கும் பிரேக் ஷூவுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யுங்கள். பெடல் ஆழமாகப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு கம்பியின் நீளத்தை அளந்து குறித்துவைத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு பிரஷர் கேஜ் மாட்டி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் எடையைப் பின் ஆக்ஸிலில் ஏற்றி, இரண்டு அளவையும் ஒப்பிட வேண்டும். கேஜ் இல்லாதவர்கள் கம்பியின் நீளத்தை மாற்றும் நட்டைத் தொடாமல், குறித்த நீளத்திலேயே திரும்ப மாட்டிவிடலாம்.