வீட்டுக்கு வெளியே விறகு பாய்லர்: பல குளிர்காலம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க, வெளியே விறகு பாய்லர் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த கம்பெனி, எத்தனை கிலோவாட், உள்ளே தகடு எவ்வளவு கனம் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை குளிர்காலம் ஓட்டிய பிறகு நான் முதலில் சொல்வது வேறு: பாய்லரை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், மண்ணுக்கடியில் புதைத்த குழாயை மாற்றுவது லேசில் நடக்காது. அதனால் காசைப் பிடிக்க வேண்டியிருந்தால் வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள், அந்தக் குழாயில் மட்டும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் இருப்பது சாதாரணமான அமைப்புதான். வீட்டிலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளி, சின்னக் கொட்டகை மாதிரி ஒரு பெட்டி. உள்ளே விறகு எரியும் அறை, அதைச் சுற்றிலும் கிட்டத்தட்ட 700 லிட்டர் தண்ணீர். தண்ணீர் 74 டிகிரிக்கு இறங்கினால் டேம்பர், அதாவது காற்று வழியை மூடித் திறக்கும் தகடு, திறந்து, காற்று போய் நெருப்பு பிடிக்கும். 82ஐத் தொட்டதும் மூடிக்கொள்ளும். மேலே காற்றுப் போக்கி திறந்தே இருக்கும், அதனால் உள்ளே அழுத்தம் ஏறாது. தண்ணீர் கொதித்தாலும் ஆவி வெளியே போய்விடும். இந்த வகை பாய்லரின் பெரிய பாதுகாப்பே அதுதான். அந்தப் போக்கியில் வால்வு போடுவதோ, எதையாவது வைத்து அடைப்பதோ கனவிலும் கூடாது.

சூடான தண்ணீர் ஒரு பெக்ஸ் குழாயில் (சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) வீட்டுக்கு வரும், வெப்பத்தைக் கொடுத்துவிட்டு இன்னொரு குழாயில் திரும்பும். இந்த இரண்டு குழாய் போகிற 30 மீட்டரில்தான் பலர் விறகை எரித்து மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குறைந்தால் 4.2 கிலோஜூல் போகிறது. நிமிஷத்துக்கு 20 லிட்டர் ஓடும் லைனில், வழியிலேயே ஒரே ஒரு டிகிரி விழுந்தால் சுமார் 1.4 கிலோவாட் நஷ்டம். அது ராத்திரி பகலாக ஓடுகிறது, ஆக நாளைக்கு 33 கிலோவாட் மணி. நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் மணி தரும், பாய்லர் அதில் 60 சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு டிகிரிக்காக மட்டும் தினமும் 14 கிலோ விறகு சுமக்கிறோம். மூன்று டிகிரி விழுகிற லைனை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் குழாயில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, குழாயைச் சுற்றி குமிழ்த் தாளும் பளபள தாளும் சுற்றி, நெளிவு நெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் சொருகியது. விலை குறைவு. கொஞ்சம் ஈரம் உள்ளே போனால் போதும், இரண்டு குழாயும் தண்ணீரில் ஊறியபடி கிடக்கும், அதற்கப்புறம் இன்சுலேஷன் இருந்தும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான். இன்னொன்று, குழாயைச் சுற்றி ஃபோமை இடைவெளியே இல்லாமல் ஊற்றி நிரப்பி, வெளி உறையோடு ஒட்டிப்போகச் செய்தது. விலை கைகடிக்கும், வளைப்பதற்கு இரண்டு மூன்று ஆள் வேண்டும். நாங்கள் போட்டது இந்த இரண்டாவது ரகம். பனி விழுந்த மறுநாள் காலையில் வெளியே போய்ப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எங்கள் பள்ளத்துக்கு மேலே பனி அப்படியே வெள்ளையாகக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டது முதல் ரகம். அவர் பாய்லரிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் கோடு போட்ட மாதிரி பனி உருகி, கடும் குளிரிலும் பச்சைப் புல் தெரிகிறது. தெர்மாமீட்டரே வேண்டாம், அந்தப் பச்சைக் கோடு போதும்.

பள்ளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் மண் எவ்வளவு ஆழம் உறையும் என்று விசாரித்து அதற்குக் கீழே போங்கள், தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருந்தால் வடிவதற்கு வழி செய்யுங்கள், குழாய்க்கு அடியிலும் மேலும் கல் இல்லாத மணல் போடுங்கள். மண்ணுக்குள் ஒரு ஜாயிண்ட் கூட வரக்கூடாது, முழு நீளத்துக்கும் ஒரே குழாய். கூடவே ஒரு காலிக் குழாயைப் புதைத்து வையுங்கள், மின்கம்பியும் சென்சார் கம்பியும் அதற்குள் போகும்.

குழாயின் அளவு அடுத்த விஷயம். ஒரு அங்குல பெக்ஸ் என்று பெயர், உள் விட்டம் 22 மில்லிமீட்டர்தான் வரும். நிமிஷத்துக்கு 20 லிட்டர் அதில் சௌகரியமாகப் போகும். போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 10 டிகிரி வித்தியாசம் வைத்தால் அது 14 கிலோவாட். வீட்டுக்கு 28 கிலோவாட் வேண்டும் என்றால் 40 லிட்டர் ஓட்ட வேண்டும், அதே குழாயில் அவ்வளவு தள்ளினால் உராய்வு எகிறிவிடும், பெரிய பம்ப் போட்டு மின்சாரத்தை விழுங்கவிட வேண்டியதுதான். ஒண்ணேகால் அங்குலத்துக்குப் போவதே சரி. வீட்டின் தேவை தெரியாமல் குழாய் வாங்காதீர்கள்.

பம்ப் எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். திறந்த அமைப்பில் அழுத்தம் கிடையாது, பம்புக்கு மேலே நிற்கும் தண்ணீரின் கனம் மட்டும்தான் துணை. அதனால் பாய்லரின் அடிப்பக்கம், வெந்நீர் வெளியேறும் வழியில், பாய்லரிலிருந்து வீட்டை நோக்கித் தள்ளுகிற மாதிரி வைப்பது நல்லது. வீட்டுக்குள், லைனின் கடைசியில், உயரத்தில் வைத்தால் 80 டிகிரித் தண்ணீரை உறிஞ்ச வேண்டிவரும்; அந்தச் சூட்டில் உறிஞ்சும் பக்கம் குமிழி கட்டி, உள்ளே கூழாங்கல் உருள்கிற சத்தம் கேட்கும், பம்புக்குள் சுழலும் விசிறி சீக்கிரம் அரிக்கும். இரண்டு பக்கமும் மூடும் வால்வு கட்டாயம். பம்ப் ஒருநாள் போகத்தான் போகிறது, அது பெரும்பாலும் கடும் குளிர் ராத்திரியில் போகும். 700 லிட்டரை வடிக்காமல் கால் மணி நேரத்தில் மாற்ற முடிய வேண்டும். உபரி பம்ப் ஒன்று எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, பல பிளம்பர்களுக்கே பிடிபடாதது. அழுத்தம் உள்ள அமைப்பில் பழகியவர்கள் லைனின் உச்சியில் ஆட்டோ ஏர்வென்ட் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போவார்கள். பாய்லரின் நீர்மட்டத்தைவிட அந்த இடம் உயரமாக இருந்தால், பம்ப் நின்றதும் அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும், அப்போது காற்றை வெளியே விட வேண்டிய கருவி உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். எங்களுக்கு வேலை செய்தவர் இதைத்தான் செய்துவிட்டுப் போனார். அடிக்கடி காற்று அடைத்துத் தண்ணீர் நின்றுபோனதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு குளிர்காலத்தில் பாதி போய்விட்டது. அதைக் கழற்றி, கையால் திறக்கும் சாதாரண வால்வைப் போட்ட பிறகு அந்தத் தொல்லை திரும்ப வரவே இல்லை.

வீட்டுக்குள் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது தகடுகள் வழியாக வெப்பத்தைக் கைமாற்றும் கருவி. பாய்லர் தண்ணீர் ஒரு பக்கம், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர் தண்ணீர் இன்னொரு பக்கம், இரண்டும் கலக்காது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓட வேண்டும், ஒரே திசையில் இணைத்தால் திறன் நன்றாகக் குறைந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி. அப்புறம், நான் இந்த அமைப்பிலேயே மிகவும் மதிக்கிற பொருள்: நான்கு வாயிலும் ஒவ்வொரு சின்ன தெர்மாமீட்டர். விலை ஒன்றுமே இல்லை, ஆனால் கோளாறை அதுவே சொல்லிவிடும். எங்களுடையதில் நல்ல நாளில் பாய்லர் பக்கம் 80ல் நுழைந்து 68ல் வெளியேறும். வீடு சூடாகவில்லை என்று போய்ப் பார்க்கிறோம், 80ல் நுழைந்து 52ல் வெளியேறுகிறது என்றால் தண்ணீர் போதுமான வேகத்தில் ஓடவில்லை. வடிகட்டி அடைப்பு, காற்று, அல்லது பம்ப். மாறாக 80ல் நுழைந்து 77ல் வெளியேறுகிறது, வீடோ குளிர்கிறது என்றால், தண்ணீர் ஓடுகிறது, வெப்பம்தான் கைமாறவில்லை. தகட்டில் படிவு, இல்லையென்றால் ரேடியேட்டர் பக்கத்துப் பம்ப் தூங்குகிறது. எந்த வால்வையும் திறக்காமல் ஒரு நிமிஷத்தில் இவ்வளவும் தெரிந்துவிடும்.

குளிக்கும் தண்ணீருக்கு வேறு எக்ஸ்சேஞ்சர். பாய்லர் தண்ணீரில் துருத்தடுப்பு மருந்து கலந்திருப்பதால் இங்கே இரட்டைச் சுவர் உள்ளதாக வாங்குங்கள், பல இடங்களில் சட்டமே அப்படித்தான். குளிக்கும் வெந்நீர் நிற்கும் டேங்க்கிலிருந்து வெளியே வரும் வழியில் பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வு இல்லாமல் இந்த அமைப்பை ஓட்டவே கூடாது. டேங்க் 75, 80 டிகிரி வரை ஏறும். குழந்தையோ வயதானவரோ குழாயைத் திறந்தால் தோல் வெந்துபோக ஒரு நொடி போதும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது.

பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்டுப் பாருங்கள், வைத்திருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. அது 60க்குக் கீழே போனால் எரியும் அறையின் சுவர் குளிர்ந்து, புகையில் இருக்கும் ஈரமும் தாரும் சுவரில் வேர்த்து வழியும். அந்தக் கருப்புச் சாறு அமிலம். வருஷக்கணக்கில் வழிந்தால் தகடு ஓட்டையாகும். கம்பெனிக்காரர்களின் உத்தரவாதம் பெரும்பாலும் இந்த அரிப்பை ஏற்காது. திரும்பும் குழாயில், 60 டிகிரி வரும்வரை வெந்நீரைக் கலந்துவிடும் தெர்மோஸ்டாட்டிக் வால்வு ஒன்று இருந்தால் பிரச்சினை முடிந்தது. எங்கள் பாய்லரின் உட்சுவரைச் சுரண்டிப் பார்த்தால் இன்றைக்கும் காய்ந்த சாம்பல்தான் உதிர்கிறது, பிசுபிசுப்பு இல்லை. அந்த ஒரு வால்வுக்கு நான் கொடுத்த காசு எப்போதோ திரும்பிவிட்டது.

தண்ணீரையும் வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து, மருந்து குறைந்திருந்தால் சேர்க்க வேண்டும். திறந்த அமைப்பு என்பதால் ஆக்ஸிஜன் உள்ளே வந்துகொண்டே இருக்கும், மருந்து இல்லாத தண்ணீர் உள்ளிருந்து தின்னும். வெளியே தெரியும்போது ஒன்றும் செய்வதற்கில்லை.

சரி, விறகு. எதைப் போட்டாலும் எரியும் என்று விற்பார்கள். எரியும்தான், புகையாக. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீர். அது கிலோவுக்கு 2.3 கிலோவாட் மணிக்குள்தான் தரும். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கியதில் பாதியை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதே சூட்டுக்குச் சுமக்கும் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பு. நாங்கள் அடுத்த குளிர்காலத்து விறகை ஒரு வருஷம் முன்பே பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று போகும்படி அடுக்கிவிடுவோம். ஈரமானியை வெளிப்பக்கம் குத்திப் பார்த்து ஏமாற வேண்டாம், கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். பெயிண்ட் அடித்த பலகை, மருந்தூட்டிய மரம், பிளாஸ்டிக் எதுவும் இதற்குள் போகக்கூடாது. நம் புகையை மூச்சில் இழுப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளும்தான்.

புகை பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். டேம்பர் மூடியிருக்கும் நேரத்தில் நெருப்பு மூச்சுத் திணறிக் கனலும், அப்போதுதான் தாரும் புகையும் அதிகம். குளிர் லேசாக இருக்கும் மாதங்களில் அறையை நிரப்பினால் நாள் முழுக்க இந்தக் கனலல்தான். தேவைக்கு ஏற்ப நாலு கட்டை, நன்றாகப் பிடித்து எரியும்படி போடுவது எவ்வளவோ மேல். வாயுவைத் தனி அறையில் மறுபடி எரிக்கும் கேஸிஃபிகேஷன் ரகம் இதில் மிகவும் சுத்தம், ஆனால் அதற்குக் காய்ந்த விறகைத் தவிர வேறு ஒன்றும் ஆகாது. வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பழைய ரகத்தை வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், சில ஊர்களில் தடையே இருக்கிறது, முதலில் விசாரியுங்கள்.

பாய்லர் கதவைத் திறக்கும்போது, நெருப்புக்குக் காற்று ஊதும் விசிறி இருந்தால் அதை நிறுத்திவிட்டு, ஒரு விரல் அளவு திறந்து, சற்றுப் பொறுத்து, முகத்தை ஒதுக்கிக்கொண்டு முழுதாகத் திறக்க வேண்டும். உள்ளே தேங்கிய வாயுவுக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் தீ வெளியே பாயும். வீட்டில் யார் விறகு போட்டாலும் இந்தப் பழக்கம் வரும்வரை தனியாக விடவில்லை.

மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், குழாய் உறையும் ஆபத்து உண்டு. சின்ன இன்வெர்ட்டர் ஒன்று பம்பையும் டேம்பரையும் பல மணி நேரம் தாங்குகிறது. நாள்கணக்கில் வெளியூர் போனால் பழைய ஹீட்டர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும், பம்பை மட்டும் ஓடவிட்டுப் போனால் வீட்டுச் சூடே எக்ஸ்சேஞ்சர் வழியாகத் திரும்பப் போய் பாய்லரை உறையாமல் காக்கும். அதனால் பழைய ஹீட்டரைக் கழற்றி விற்றுவிடாதீர்கள்.

குளிர்காலம் முடிந்ததும் சாம்பல் முழுவதையும் அள்ளிவிட வேண்டும். ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டை அரிப்பதில் அதற்கு ஈடு கிடையாது. சுவரைச் சுரண்டி, மெல்ல எண்ணெய் பூசி, புகைபோக்கியை மூடிவிடுகிறேன். தண்ணீரை வடிப்பதில்லை, மருந்து கலந்த தண்ணீர் நிரம்பி நிற்பதே உள்தகட்டுக்கு நல்லது. இந்த முறை கதவின் கயிற்று கேஸ்கெட் கெட்டிப்பட்டு ஓரத்தில் புகை கசிகிறது, அதையும் மாற்றி, கூடவே பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சேமிப்பு டேங்க் வைக்க இடம் அளந்து வைத்திருக்கிறேன். வேகமாக எரித்துச் சூட்டைத் தண்ணீரில் தேக்கிவிட்டால் கனலும் நேரம் குறையும். அதற்கான குழாயும் அதே ஃபோம் ஊற்றிய ரகம்தான்.