தர்மபுரி, கிருஷ்ணகிரி அக்குபஞ்சர் மையங்களும் அரசு சித்தா பிரிவும்: எதற்கு எங்கே போகலாம்

பாலக்கோடு, ஊத்தங்கரை, அரூர் என்று எங்கே போனாலும் அக்குபஞ்சர் மையத்தின் வாசலில் ‘மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது’ என்ற பலகையைப் பார்க்கலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2003-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபஞ்சரைச் சிகிச்சை முறை என்ற அளவில் அனுமதித்தது. 2019 பிப்ரவரியில் அதைத் தனிச் சிகிச்சை முறையாகவே ஏற்றுக்கொண்டது. அங்கீகாரம் கிடைத்தது அந்த முறைக்கு. சுவரில் மாட்டியிருக்கும் ஆறு மாத டிப்ளமோவுக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். மேற்கு வங்கம் 1996-இலும் மகாராஷ்டிரம் 2015-இலும் இதற்கென்றே சட்டம் போட்டன. நம் மாநிலத்தில் அப்படித் தனிச் சட்டம் இல்லாததால், ஊசி போடுகிறவர் என்ன படித்தார் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். பிஎன்ஒய்எஸ் படித்த இயற்கை மருத்துவர் என்றால் நம்பிப் போகலாம். அவர்களுக்கு அக்குபஞ்சர் பாடத்திலேயே உண்டு. சித்தாவில் இந்தக் குழப்பமே கிடையாது. பிஎஸ்எம்எஸ் ஐந்தரை வருடப் படிப்பு, பதிவு எண்ணும் உண்டு.

ஒரு மையம் நல்லதா என்று அறிய ஊசியையும் பாருங்கள். தலைமுடியைவிடத் தடித்த, சுமார் கால் மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டீல் ஊசி. சீல் பிரிக்காத பாக்கெட்டில், காலாவதித் தேதியோடு இருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் பிரித்து, போட்டு முடித்ததும் குத்தினால் துளை விழாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்து வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமி ஸ்பிரிட் பஞ்சுக்கு அடங்காது.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பென்னாகரத்திலிருந்து காலை முதல் பஸ் பிடித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து உட்காருபவர்களுக்குத்தான் ஊசி ஏறியதும் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் உடனே ஊசிகளை எடுத்து, தலையைத் தாழ்த்திப் படுக்கவைக்க வேண்டும். முதல் தடவை என்றால் படுத்த நிலையிலேயே போடச் சொல்லுங்கள். இருபது முதல் முப்பது நிமிடம் ஊசி இருக்கும். குத்திய இடத்தில் கனமாக, மரத்தாற்போல் தெரிவது சகஜம். சுரீரென்று மின்சாரம் ஓடினால் நரம்பில் பட்டிருக்கிறது, உடனே சொல்லிவிட வேண்டும். தோள்பட்டை, மேல் முதுகில் ஆழமாகக் குத்தவே விடாதீர்கள். நுரையீரல் உறை கிழியும் ஆபத்து அங்கேதான். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசியே இல்லாமல் விரலால் தொடுகிற சிகிச்சையும் இங்கே நிறைய நடக்கிறது. அதில் கிருமி பயம் இல்லை. ஆனால் ‘எல்லா மாத்திரையையும் நிறுத்து’ என்ற பேச்சும் அதோடு சேர்ந்தே வருகிறது. இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

முட்டி வலிக்குத்தான் கூட்டம் அதிகம். நம் மாவட்டங்களில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை பரவாயில்லை. அதை வெகுவாகத் தாண்டிய தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்பு தடித்து, மூட்டு விறைத்து, குனிய முடியாமல் போகும். பல்லில் பழுப்புக் கோடும் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஊசி அன்றைய வலியைக் கொஞ்சம் தணிக்கலாம். எலும்பில் படிந்ததை எடுக்காது. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்காமல் பத்து சிட்டிங்குக்கு முன்பணம் வாங்குகிற மையம் வேண்டவே வேண்டாம்.

சாதாரணத் தேய்மான வலி என்றால் எங்கள் முதல் தேர்வு அரசு மருத்துவமனை சித்தா பிரிவுதான். ஓபி சீட்டு போட்டால் போதும், செலவில்லை. பிண்டத் தைலம், அமுக்கரா சூரணம் மாதிரியான அடிப்படை மருந்துகள் தருவார்கள். தைலத்துக்குப் பாட்டில் கையோடு கொண்டுபோங்கள். குறை என்றால், மருந்து தீர்ந்துபோகும் நாட்களும் உண்டு, காலையிலேயே போய்விட வேண்டும்.

வெளியே நிலவேம்புக் குடிநீர்ப் பொடி வாங்கினால் பாக்கெட்டில் உரிம எண், பேட்ச் எண், ஒன்பது சரக்கின் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கவரில் கட்டிக் கொடுப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 5 கிராம் பொடிக்கு 240 மி.லி. தண்ணீர், சிறு தீயில் 60 மி.லி. ஆகச் சுண்ட வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும், சாறு இறங்காது. வடிகட்டி மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். காலையில் காய்ச்சியதை ராத்திரிக்கு எடுத்து வைக்காதீர்கள். வாயில் வைத்ததும் தொண்டை வரை கசக்க வேண்டும். கசப்பில்லாத பொடி பழைய சரக்காக இருக்கலாம், கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.