ஆன்டிவைரஸ் இருக்கட்டும், கூட வந்தவை வேண்டாம்

பல ஆண்டுகளாக ஒரே இலவச ஆன்டிவைரஸைத்தான் என் விண்டோஸ் கணினியில் வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். வைரஸ் பிடிக்கும் வேலையில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லையெல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பரிவாரத்தால்தான்: தனி பிரவுசர், இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் விபிஎன், குப்பை நீக்கும் மென்பொருள், டிரைவர்களை (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) புதுப்பிக்கும் டிரைவர் அப்டேட்டர், பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு கூப்பன் காட்டும் எக்ஸ்டென்ஷன்.

அவற்றில் என்னை அதிகம் எரிச்சலூட்டியது அந்த பிரவுசர். கணினியைப் போட்டவுடன் தானே திறந்துகொள்ளும். இருக்கிற பிரவுசரை மாற்றிவிட்டுத் தன்னையே வைத்துக்கொள்ளச் சொல்லி நச்சரிக்கும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். டிரைவர் அப்டேட்டர் வேறு ரகம். 'பழைய டிரைவர்கள் இருக்கின்றன' என்று சிவப்பில் பயமுறுத்தும், சரிசெய்யப் போனால் பணம் கேட்கும். பெரும்பாலான டிரைவர்களை விண்டோஸ் அப்டேட்டே பார்த்துக்கொள்கிறதே, இது எதற்கு?

பிரவுசர், விபிஎன் போன்றவை செட்டிங்ஸில் உள்ள ஆப்ஸ் பட்டியலில் தனித்தனிப் பெயரில் இருக்கும். அங்கேயே அன்இன்ஸ்டால் செய்துவிடலாம். 'உங்கள் வங்கி விவரங்களுக்குப் பாதுகாப்பு போய்விடும், நிச்சயமாகவா?' என்கிற தோரணையில் ஒரு கேள்வி வரும். தயங்க வேண்டாம்.

ஆன்டிவைரஸுக்குள்ளேயே பதுங்கியிருப்பவைதான் சிக்கல். அதே பட்டியலில் ஆன்டிவைரஸின் பெயருக்கு எதிரே அன்இன்ஸ்டால் கொடுத்தால், என்னுடையதில் உடனே நீங்கிவிடாது. அதன் சொந்த ஜன்னல் ஒன்று திறக்கும். ரிப்பேர், அன்இன்ஸ்டால் பொத்தான்களுக்கு நடுவே 'மாடிஃபை' என்று ஒன்று அடக்கமாக இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருப்பவை எல்லாம் டிக் பெட்டிகளோடு வரிசையாக வந்துவிடும். கோப்புகளையும் இணையத்தையும் சோதிப்பவை, புரோகிராம்களின் நடத்தையைக் கவனிப்பது, இவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் டிக்கை எடுத்தேன். மெயிலை பிரவுசரிலேயே படிப்பவன் என்பதால் மெயில்களைச் சோதிக்கும் மெயில் ஷீல்டும் போனது. அப்புறம் ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்கப் பார்க்காதீர்கள். ஆன்டிவைரஸின் தற்காப்பு விடாது. மீறி அழித்தால் பாதியில் உடைந்து நிற்கும்.

எக்ஸ்டென்ஷனை ஒவ்வொரு பிரவுசரிலும் தனியாகத்தான் நீக்க வேண்டும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்டென்ஷன்கள் வழியாகவும் ஆன்டிவைரஸ் வழியாகவும் திரட்டிய இணைய உலாவல் தகவல்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றதற்காக, அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் நடவடிக்கை எடுத்தது. என்னுடையதும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பார்க்கிற பக்கங்களையெல்லாம் படிக்கும் அனுமதியை, தேவையில்லாத ஒன்றுக்கு ஏன் தர வேண்டும்?

இதெல்லாம் ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை இல்லை. பெரிய வெர்ஷன் அப்டேட் வந்த பிறகு, கேட்காமலே புதிதாக ஏதாவது உள்ளே வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலும் ஒரு கண் வைத்தால் போதும். கணினி பறக்கிறது என்று அளக்க மாட்டேன். தொடங்கும்போது இழுத்துக்கொண்டிருந்தது நின்றிருக்கிறது. இவ்வளவு மெனக்கெட முடியாதென்றால் மொத்தத்தையும் நீக்கிவிடலாம், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் தானே விழித்துக்கொள்ளும்.

என்னால் ஒழிக்க முடியாதது, ஆன்டிவைரஸின் முகப்பிலேயே பூட்டுப் படத்தோடு 'பணம் கட்டித் திற' என்று நிற்கும் பொத்தான்களைத்தான். இலவசப் பதிப்பில் அதற்கு வழியில்லை.