பிச்சியும் வாசல் மணியும்: பாளையங்கோட்டையில் நாய் பழக்கும் அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் வீட்டுக்கே வந்து நாய் பழக்கிக் கொடுக்கிற ஒரு அண்ணாச்சியைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் செய்கிற வேலைக்கு முழு மார்க். அந்த வேலைக்கு அவர் சொல்கிற விளக்கத்துக்குப் பாதி மார்க்தான். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போர்டும் கிடையாது. ஹைகிரவுண்ட் பக்கம் நாய் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் நம்பர் கொடுத்துவிடுவார்கள்.

நான் வீட்டில் வைத்தே தைக்கிறவள். பட்டாசலில் இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக். ஜாக்கெட் அளவு கொடுக்க, சேலைக்கு பால்ஸ் வைக்க, பிகோ அடிக்க என்று காலையிலிருந்து ராத்திரி வரை ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கள் நாய் பிச்சி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து குட்டியாக வந்த சிப்பிப்பாறை. முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி. 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் முயல் பிடித்தால் கேஸ் ஆகிவிடும். அது நமக்குத் தெரியும், அவள் காலுக்குத் தெரியாதே. வாசல் மணி அடித்ததும் அடுக்களையிலிருந்து ஒரே பாய்ச்சல். கதவு திறப்பதற்குள் வந்தவர் தோளில் இரண்டு முன்னங்காலும் இருக்கும். ஒரு டீச்சர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று அளவை வாயால் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஜாக்கெட் எந்த லட்சணத்தில் வந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இவருக்கு முன்னால் வேறொரு இடத்தில் தங்கவைத்துப் பழக்கினோம். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். இறுகுகிற சங்கிலி, அதட்டல், அவ்வளவுதான் அவர்கள் வித்தை. திரும்பி வந்தவள் கொஞ்ச நாளைக்குக் குரைக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் வால் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. கத்தரியை எடுக்கக் கையைத் தூக்கினால்கூடத் தரையோடு தரையாகப் படிந்து ஒன்றுக்குப் போய்விடுவாள். எங்கள் அத்தை, 'சத்தமே காட்டாம இருக்கால்லா, நல்லாத்தான பழக்கிருக்கான்' என்றார். எனக்கு அந்தச் சத்தமில்லாமை பிடிக்கவில்லை. இந்த அண்ணாச்சியும் பிச்சியைப் பற்றி முதலில் கேட்டது, 'இவளை யாரு தங்கச்சி அடிச்சது?' என்பதுதான்.

அவர் மானூர்ப் பக்கம் கிடை போடுகிற குடும்பம். ராத்திரி வயலில் ஆட்டுக்கிடை போட்டால் சுற்றிலும் நாய்கள் படுத்திருக்கும். அவருடைய அப்பா எழுந்து ஒரு சுற்று வந்துவிட்டுப் படுத்தால் நாய்களும் தலையைக் கீழே போட்டுவிடுமாம். அப்பா எழுந்த எழுப்பில் வித்தியாசம் இருந்தால் மட்டும்தான் அவை எழும். இதுதான் அவருடைய பாடத்தின் வேர். வீட்டில் பொறுப்பை எடுத்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறது என்று நாய்க்குத் தெரிந்தால் அது தூங்கும். இல்லையென்றால் அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் காவல் காக்கும். 'தலைவன்' என்ற சொல்லை அடிக்கடி சொல்வார், ஆனால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

முதல் நாள் அவர் வந்ததை அப்படியே சொல்கிறேன், இந்த ஒரு காட்சிக்கே காசு கொடுக்கலாம். பிச்சி கேட்டில் முட்டிக்கொண்டு குரைக்கிறாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று, 'மோட்டாரு என்ன, தண்ணி ஏத்த மாட்டேங்குதா?' என்று என்னிடம் பேச்சுக் கொடுத்தார். பைய உள்ளே வந்தார். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை, 'வா வா' என்று கொஞ்சவில்லை, நாக்கால் சத்தம்கூடக் கொடுக்கவில்லை. பிச்சி மேலே ஏறினால் எழுந்து இரண்டு எட்டு நகர்ந்து வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், பேச்சை நிறுத்தாமலே. நான் போட்ட காப்பி ஆறுவதற்குள் அவள் அவருடைய பேண்ட்டை மேலும் கீழும் மோந்து பார்த்தாள். ஒரு கொட்டாவி விட்டாள். உதட்டை நக்கினாள். உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மெஷினுக்குக் கீழே போய்ப் படுத்தாள். 'இந்தக் கொட்டாவி தூக்கத்துக்கு இல்ல தங்கச்சி, தன்னத்தானே ஆத்திக்கிடுதா' என்றார். படுத்த பிறகுதான் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பி, மார்புக்குக் கீழே மெதுவாகத் தடவிக் கொடுத்தார்.

பாடம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்தார். ரேபிஸ் ஊசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருஷா வருஷம், அது இல்லாமல் கை வைக்க மாட்டாராம். அப்புறம் பிச்சியின் முதுகுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டில் ஒரு தட்டு. காது திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு. வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும். சொல் பேச்சுக் கேட்காது, திமிர் பிடித்தது என்று பெயர் வாங்கி அடிபடுவது அதில் பாதி என்றார். (ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே போட்டார்கள். சிப்பிப்பாறைக்குப் போடவில்லை என்று எங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் மனக்குறை.)

வாசல் மணிக்கு அவர் சொன்ன வைத்தியம் இது. பட்டாசல் மூலையில், மெஷினும் வாசலும் இரண்டும் தெரிகிற இடத்தில், நாலாக மடித்த ஒரு பழைய சாக்கு. மணி அடித்ததும் 'குரைக்காதே' என்று நான் கத்தக் கூடாது. நாய்க்கு நாமும் சேர்ந்து குரைக்கிற மாதிரிதான் இருக்குமாம். நான் எழுந்து, அவளுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்று, ஜன்னல் வழியாகப் பார்த்து, 'சரி, பாத்துட்டேன்' என்று சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். அப்புறம் சாக்கைக் கை காட்ட வேண்டும். போய் நாலு காலும் சாக்கின் மேல் வைத்தால், அவித்த கோழி ஈரலில் மிளகு அளவு ஒரு துண்டு. கையில் கொடுக்கக் கூடாது, சாக்கின் மேலேயே வைக்க வேண்டும், அப்போதுதான் அந்த இடம் பிடித்துப் போகும். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். எழுந்தால் கதவு மூடிக்கொள்ளும். மணி அடிக்க ஆள் வேண்டுமே என்று யோசித்தேன். தெருப் பையன்கள் முறை வைத்துக்கொண்டு வந்து அடித்தார்கள். அவர்களை நிறுத்தத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

நடத்திக் கூட்டிப் போவதிலும் இதே நிதானம்தான். சிப்பிப்பாறைக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். சாதாரணப் பட்டை போட்டால் பின்னால் ஒரு இழுப்பு இழுத்து உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகி, அதற்கு மேல் இறுகாமல் நிற்கிற அகலப் பட்டை ஒன்றை வாங்க வைத்தார். கயிறு விறைத்தால் நின்றுவிடுவார், தளர்ந்தால் நடப்பார். அதட்டல் இல்லை, சுண்டி இழுப்பு இல்லை. மோந்து பார்க்க நின்றால் மோக்கட்டும் என்று விட்டுவிடுவார். எங்கள் தெருமுனை டீக்கடை நாய்கள் மூன்றும் எதிரே வந்தால் நேருக்கு நேர் போகாமல், வண்டி வளைவது மாதிரி ஒதுங்கி வளைந்து போக வேண்டும். நாய்கள் ஒன்றையொன்று மரியாதையாகக் கடப்பது அப்படித்தான். முதல் வளைவிலேயே டீக்கடை நாய்களில் ஒன்று தலையைத் திருப்பிக்கொண்டது, எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டால் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நமக்குப் பொறுக்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. வ.உ.சி. மைதானப் பக்கம் காலை நேரத்தில் இந்த ஜாதியைக் கூட்டிப் போகவே வேண்டாம். ஓடுகிற கால்கள் அத்தனையும் பிச்சிக்கு முயல்.

இனி பாதி மார்க் விஷயம். சோறு வைப்பதற்கு முன்னால் நாம் அதன் கண் முன்னே ஒரு பிஸ்கட்டாவது தின்ன வேண்டும், ஓநாய்க் கூட்டத்தில் தலைவன்தான் முதலில் தின்னும் என்றார். வாசற்படியில் நாம்தான் முதலில் இறங்க வேண்டும் என்பதற்கும் அதே ஓநாய்க் கதைதான். என் அக்கா மகள் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். கேட்டதும் சிரித்துவிட்டாள். 'சித்தி, அது கூண்டுல அடைச்ச ஓநாயைப் பாத்து எழுதுனது.' 1947-ல் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசெல் மிருகக்காட்சிசாலை ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து தொடங்கியது இந்தத் தலைவன் கதை. 1970-ல் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளர் தன் புத்தகத்தில் அதை உலகம் முழுக்கப் பரப்பினார். பிறகு அதே மெக் கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில், காட்டு ஓநாய்களைப் பல வருஷம் கூடவே இருந்து பார்த்தார். ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான், சண்டை போட்டு வென்ற தலைவன் என்று யாரும் கிடையாது என்று 1999-ல் கட்டுரையே எழுதினார். ஒன்றையொன்று அறியாத ஓநாய்களைக் கொண்டுவந்து ஒரே கூண்டில் போட்டால் அடித்துக்கொள்ளத்தானே செய்யும்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். 'ஓநாய் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும். எங்கப்பா கிடையில எதையும் அடிச்சதில்ல. வாசல் உங்க பொறுப்பா, அவ பொறுப்பா? அத மட்டும் சொல்லுங்க' என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிஸ்கட் தின்பதை விட்டுவிட்டேன், பிச்சியிடம் ஒரு மாற்றமும் இல்லை. சாக்கையும் ஈரலையும் ஒரு நாள் விட்டால் மறுநாளே தெரிகிறது. படியில் முதலில் இறங்குவதை மட்டும் வைத்திருக்கிறேன். அதற்குத் தலைமை காரணமில்லை. கேட்டுக்கு வெளியே பஸ் போகிற ரோடு.

வெடிச் சத்தத்துக்கு அவர் சொன்ன வழியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் சுடலைமாடன் கோயில். கொடைத் திருவிழா வந்துவிட்டால் குழாய் ரேடியோ, மேளம், சாமத்தில் வெடி. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். பயந்து நடுங்கினாலும் கண்டுகொள்ளாதீர்கள், தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்றார் இவர். பயம் என்பது நாய் வேண்டுமென்று செய்கிற காரியமில்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் அது ஒன்றும் கூடிவிடாது என்றாள் அக்கா மகள். நான் அவள் பக்கம். உள்ளறையில் ஃபேனை வேகமாக வைத்து, ஜன்னலை மூடி, கட்டிலுக்குக் கீழே பிச்சியின் சாக்கைப் போட்டு, நானும் அங்கேயே உட்கார்ந்து ஊக்கு தைத்தேன். நடுக்கம் முழுக்கப் போகவில்லை. ஆனால் வில்லுப்பாட்டு தொடங்கும்போது படுத்துவிட்டாள்.

வேறு குறைகளும் உண்டு. அவருக்குப் பதிலாக ஒரு நாள் வந்த பையன் கயிற்றைச் சுண்டி இழுத்தான். போனில் சொன்னதும் அண்ணாச்சி அவனை மறுபடி அனுப்பவில்லை. எதையும் எழுதித் தர மாட்டார், நாம்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பூனை, அணில் விஷயத்தில் 'கயித்த விடாதிய, அவ்வளவுதான்' என்று கையை விரித்துவிட்டார். அது நேர்மையான பதில், ஆனால் காசு கொடுக்கிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது மணி அடித்தால் பிச்சி ஒரு தடவை குரைத்து என்னைப் பார்க்கிறாள். நான் எழுந்தால் சாக்குக்குப் போகிறாள். முன்பு எகிப்து ஸ்பிங்க்ஸ் சிலை மாதிரி விறைத்துப் படுப்பவள், இப்போது ஒரு பக்கமாகச் சரிந்து காலை நீட்டுகிறாள், காதும் தளர்ந்துவிட்டது. அந்த டீச்சர் உள்ளே வந்து, நின்று, கழுத்தளவு வரை எடுத்துக்கொண்டு போனார். 'நாய் எங்க, வித்துட்டியளா?' என்று ஒரு அம்மா கேட்டார். அவர் காலடியிலேயே படுத்திருந்தாள். எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு இரண்டு முறை வருவார். கே.டி.சி. நகர், பெருமாள்புரம் வரை இதே ரேட்தான். டவுன், பேட்டைப் பக்கம் என்றால் பெட்ரோலுக்குத் தனி. செவ்வாய்க்கிழமை கேட்காதீர்கள், மேலப்பாளையம் சந்தைக்குப் போய்விடுவார், ஆட்டு வியாபாரத்தை இன்னும் விடவில்லை. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள முடியாது, ஆளுக்கொரு பக்கம் கொஞ்சுவோம் என்றால் அவரைக் கூப்பிட வேண்டாம், இரண்டாவது வாரமே வருவதை நிறுத்திக்கொள்வார். கூப்பிடுவதாக இருந்தால் ஆடி பிறப்பதற்குள் கூப்பிட்டுவிடுங்கள். கொடை சீசனில் அவர் போனை எடுப்பதில்லை.