பட்டாளத்துக்குப் போனவர் எந்த டிவிஷன்? போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல், ஒரு மதிப்பீடு

"பட்டாளத்துக்குப் போனார், திரும்பி வரல" என்பதோடு கதை நின்றுபோன வீடுகள் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இன்றும் உண்டு. அவர்களுக்கு முதல் ஆதாரம் கிடைக்கக்கூடிய இடம் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல். காசு கட்ட வேண்டியதில்லை. பிரிட்டன், இந்தியா உள்ளிட்ட காமன்வெல்த் படைகளில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவு அதில் இருக்கிறது. பெயர், எண், ரேங்க், ரெஜிமெண்ட், இறந்த நாள், நினைவிடம் எல்லாம் வரும்; டிவிஷன், அதாவது அவர் சண்டையிட்ட பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவு, மட்டும் வராது. அதை நாம்தான் பிடிக்க வேண்டும்.

1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் இறந்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சேவை. உயிரோடு ஊர் திரும்பியவரை இங்கே தேடிப் பயனில்லை. மலாயாவுக்கோ பர்மாவுக்கோ பிழைக்கப் போய் நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களும் இதில் வரமாட்டார்கள்.

பெயரைத் தேடும்போதுதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் சொந்தப் பெயரே 'சர்நேம்' கட்டத்தில் இருக்கும். தேடல் ஆங்கிலத்தில்தான் என்பதால் முனியாண்டி, காதர் போன்ற பெயர்களை நாலைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்க்க வேண்டும். அதைவிட நல்ல வழி, கூடுதல் தகவல் கட்டத்தில் ஊரைத் தேடுவது. இரண்டாம் போர்ப் பதிவுகள் பலவற்றில் பெற்றோர், மனைவி, ஊர் விவரம் உண்டு. மாவட்டத்துக்கு அன்றைய எழுத்தான 'ராம்நாட்' (Ramnad) என்பதையே அடியுங்கள். 1985 வரை சிவகங்கையும் விருதுநகரும் இதே மாவட்டம். ஆகவே சிவகாசிக்காரரும் காரைக்குடிக்காரரும் சேர்ந்தே வருவார்கள். முதல் போர்ப் பதிவுகளில் இந்த விவரம் இல்லாதவை ஏராளம். அதை இந்தச் சேவையின் பெரிய குறையாகவே சொல்ல வேண்டும்.

இனி டிவிஷன். ரெஜிமெண்ட் பெயரை மட்டும் நம்பினால் தவறிப்போகும், ஏனென்றால் ஒரே ரெஜிமெண்டின் பட்டாலியன்கள் வெவ்வேறு டிவிஷன்களில் சண்டையிட்டிருக்கும். பல பட்டாலியன்கள் சேர்ந்தது பிரிகேடு, பல பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன்; ஆகவே முதலில் பட்டாலியன் எண், அதிலிருந்து பிரிகேடு, பிறகு டிவிஷன் என்றுதான் ஏற வேண்டும். 1914-இல் ஓர் இந்திய டிவிஷனுக்கு 3 பிரிகேடு, பிரிகேடுக்கு 4 பட்டாலியன். இரண்டாம் போரில் பிரிகேடுக்கு 3 பட்டாலியன். பிரிகேடு ஒரே டிவிஷனில் நிலையாக இருந்ததாகவும் எண்ண வேண்டாம். 1944-இல் 5-ஆம் இந்திய டிவிஷன் இம்பாலில் இருந்தபோது அதன் 161-ஆவது பிரிகேடு கோஹிமாவில் நின்றது.

பட்டாலியன் எண் இல்லாவிட்டால் நினைவிடத்தையும் நாளையும் சேர்த்துப் பாருங்கள். பிரான்சின் நியூவ்-ஷாப்பெல் நினைவுச் சின்னம், 1914–15 என்றால் பெரும்பாலும் லாகூர் அல்லது மீரட் டிவிஷன். ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னம், 1916 ஏப்ரலுக்கு முன் என்றால் அங்குள்ள குட் (Kut) நகர முற்றுகையில் சிக்கிய 6-ஆவது பூனா டிவிஷனை முதலில் சோதிக்கலாம். சிங்கப்பூர் நினைவுச் சின்னம், 1942 ஜனவரி என்றால் 9, 11 டிவிஷன்கள். 11-ஆவது மலாயாவின் ஸ்லிம் ஆற்றங்கரைச் சண்டையில் சிதறியது. ரங்கூன் நினைவுச் சின்னமும் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானில் சண்டை நடந்த காலமும் சேர்ந்தால், 1942-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட 25-ஆவது டிவிஷனையும் பாருங்கள். ஜப்பானியர் இறங்கினால் தென்னிந்தியாவைக் காக்கவே முதலில் அதை நிறுத்தினார்கள். நம் கரைக்கு இவ்வளவு நெருக்கமான டிவிஷனை இங்கே அதிகம் பேர் அறியாதது வருத்தம்தான்.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள 1914–1918 நினைவுச் சின்னத்தை வைத்து இப்படிக் கணக்கிட முடியாது. இந்தியாவின் பல கல்லறைகளில் புதைக்கப்பட்டு, அங்கே நிரந்தரமாகப் பராமரிக்க முடியாதவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. எந்தப் போர்முனை என்பதை அது சொல்லாது.

தமிழர்கள் நிறையப் பேர் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை இன்னும் சிக்கல். அவர்கள் கம்பெனி கம்பெனியாகப் பல டிவிஷன்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். 12-ஆவது ஃபீல்டு கம்பெனி 4-ஆம் இந்திய டிவிஷனோடு இத்தாலியில் இருந்தது. கம்பெனி எண் இல்லாத சாப்பர் பதிவை வைத்து டிவிஷனை முடிவு செய்யாதீர்கள்.

வீட்டில் பதக்கம் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்த இரண்டாம் போர்ப் பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும்: நட்சத்திரத்தில் பின்புறம், வட்டப் பதக்கத்தில் விளிம்பு. ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார், பர்மா ஸ்டார் ஒவ்வொன்றும் ஒரு போர்முனை. மலாயாவுக்குப் பசிபிக் ஸ்டார். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்தாலே எண் தெரியும். அந்த எண்ணைத் தேடலில் போட்டால் எழுத்துக்கூட்டல் தொல்லை பாதி குறையும்.

அதற்கு மேலும் வேண்டுமானால் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளைப் பாருங்கள். அவற்றின் வரிசை எண்கள்: முதல் போருக்கு டபிள்யூ.ஓ. (WO) 95; இரண்டாம் போரில் மத்தியக் கிழக்குக்கு 169, இத்தாலிக்கு 170, பர்மாவுக்கு 172. பட்டாலியன் எண் தெரிந்த பிறகு மட்டும் அங்கே போங்கள்.