மோட்டார்ஹோம் சாவி வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்

போன ஜூலை விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மோட்டார்ஹோம் (படுக்கை, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்குக் கரையில் இருக்கும் டார்வினுக்குப் போனோம். சுமார் 1,500 கிலோமீட்டர். மெல்பர்னில் எங்களோடு தங்கியிருந்த அம்மாவும் வந்திருந்தார். அவருக்கு இன்சுலின் உண்டு. அதனால் ஃபிரிட்ஜ் நன்றாக வேலை செய்யுமா என்று இரண்டு முறை கேட்டேன். "எல்லாம் பார்த்தாகிவிட்டது" என்று வாடகை நிறுவன ஊழியர் வண்டியின் நிலையைக் குறித்த தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரவு கார்லு கார்லுவில் தங்கினோம், பெரிய உருண்டைப் பாறைகள் இருக்கும் இடம். எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரத்தில் விளக்குகள் மங்கின. அப்புறம் ஃபிரிட்ஜும் நின்றது. எஞ்சின் நின்றபின் விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் மின்சாரம் தரும் இரண்டாவது பேட்டரி செத்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. இருட்டில் வண்டியை எடுக்கவும் ஒப்பந்தம் விடவில்லை. கங்காருவும் மாடும் குறுக்கே வரும் சாலை அது. விடியும்வரை குளிர் இருந்ததால் மருந்து தப்பியது.

அடுத்த ஊரான டெனன்ட் கிரீக் போய் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தால், "டார்வினில்தான் மாற்ற முடியும்" என்றார்கள். அங்கிருந்து டார்வின் கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர்! ஓர் எஸ்கி (ஐஸ் பெட்டி) வாங்கி, வழியில் ஒவ்வொரு ரோட்ஹவுஸிலும் (பெட்ரோல் பங்கோடு இருக்கும் கடை) ஐஸ் போட்டு, மருந்து உறைந்துவிடாமல் துண்டில் சுற்றி வைத்துக் கொண்டு போனோம்.

டார்வினில் இதற்கு ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, கூரையில் விரிசல் என்று பாண்ட் தொகையில் (நாங்கள் கட்டிய முன்பணத்தில்) 1,900 டாலரைப் பிடித்துக் கொண்டார்கள். நானும் ஏறிப் பார்த்தேன். விரிசலின் மேல் யாரோ தடவியிருந்த சிலிகான் மஞ்சளித்து, ஓரம் உரிந்து கிடந்தது. நான்கு நாளில் அப்படி ஆகுமா? கேட்டால், நான் கையெழுத்திட்ட தாளில் "சேதம் இல்லை" என்று இருப்பதைக் காட்டினார்கள். தினமும் கூடுதலாகக் கட்டிய காப்பீடும் கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் செல்லாதாம். பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இதே விதி இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

வண்டி எடுக்கும்போது ஏணி கேளுங்கள். கூரை, அடிப்பாகம், கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். எஞ்சினையும் வெளி மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, விளக்கும் ஃபிரிட்ஜும் அரை மணி நேரமாவது ஓடுகின்றனவா என்று பாருங்கள். பின்னால் வரிசை காத்திருந்தால் காத்திருக்கட்டும். சிலிகான் படத்தோடு வடக்குப் பிராந்திய நுகர்வோர் விவகாரத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.