ஏற்காட்டு மலைப் பயணத்தைப் படம்பிடிக்க எது நல்லது? ஆக்‌ஷன் கேமராவா, கையிலிருக்கும் போனா?

போன ஐப்பசியில் அடிவாரத்தில் கிளம்பி ஏரி வரை, இருபது கொண்டை ஊசி வளைவில் ஒன்றைக்கூட விடாமல், உடம்பிலோ வண்டியிலோ மாட்டிக்கொள்ளும் சின்ன ஆக்‌ஷன் கேமராவில் பிடித்துக்கொண்டு வந்தேன். வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து, பன்னிரண்டு நிமிட வீடியோவாக வீட்டு டிவியில் போட்டேன். எட்டாவது வளைவு வரைக்கும் பேசாமல் பார்த்த அம்மா கேட்டார்: "ஏன் கண்ணு, ரோடுதான் தெரியுது. மலை எங்க?"

திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ரோடு இருந்தது, ஹேண்டில்பார் இருந்தது, எதிரே வந்த பஸ் இருந்தது. சேர்வராயன் மலை மட்டும் இல்லை.

அதற்கப்புறம் மார்கழியில் வெறும் போனோடு ஒருமுறை போனேன். தை கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு இன்னொருமுறை. அதே பைக், அதே வழி, பின்னால் அதே மாமா பையன். புதிதாக ஆக்‌ஷன் கேமரா வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த மூன்று பயணமும் உதவும் என்று நினைக்கிறேன்.

மலை எங்கே போனது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் ரொம்ப அகலம். கோப்ரோ மாதிரியானவற்றில் 150 டிகிரியைத் தாண்டியும் பார்க்கும். அவ்வளவு அகலத்தில் பார்த்தால் பக்கத்தில் இருப்பது பெரிதாகும், தூரத்தில் இருப்பது சுருங்கிவிடும். லேடிஸ் சீட் என்கிற காட்சி முனையில் நின்றால் நம் கண்ணுக்குக் கீழே சேலம் முழுக்க விரிந்து கிடக்கிறது, வளைந்து வளைந்து ஏறி வந்த ரோடும் தெரிகிறது. அதையே ஆக்‌ஷன் கேமராவில் எடுத்தால், கம்பித் தடுப்புதான் பெரிதாக நிற்கும். ஊர் ஒரு சாம்பல் கோடு. அவ்வளவுதான்.

இது அந்தக் கேமராவின் குறை இல்லை, அதன் பிறவி அப்படி. கோப்ரோவை 2002-ல் தொடங்கிய நிக் உட்மன் கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர். அலைக்குள் இருக்கும்போதே தன்னைத் தானே படமெடுக்க வேண்டும் என்று, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கேமராவில்தான் ஆரம்பித்தார். 2004-ல் வந்த முதல் மாடலில் 35 மிமீ பிலிம் போட வேண்டும். கடற்கரையில் அது சரியாகப் பொருந்துகிறது. அங்கே சாகசம் என்பது முகத்தில் வந்து மோதும் தண்ணீர், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. நம் மலையில் பாதி அழகு ஐந்து கிலோமீட்டர் தள்ளி, மடிப்பு மடிப்பாக நிற்கிறது. அங்கே போனின் 2எக்ஸ், 3எக்ஸ் ஜூம் லென்ஸ் வேண்டும். அது தூரத்து முகடுகளைப் பக்கத்தில் இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். மார்கழிக் காலையில் இன்னொரு காட்சி முனையான பகோடா பாயிண்டில் 3எக்ஸில் எடுத்த இருபது விநாடியைப் பார்த்தபோது, அம்மா கேட்ட மலை அதில் இருந்தது.

ஆனால் வளைவில் போன் நிற்காது.

மார்கழிப் பயணத்தில் பின்னால் உட்கார்ந்து மாமா பையன்தான் போனில் எடுத்தான். வளைவுக்கு வளைவு அவன் ஒரு கையால் என் தோளைப் பிடிக்கிறான், இன்னொரு கையில் போன். படம் முழுக்க ஆட்டம். பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். சரி, ஹேண்டில்பாரில் மாட்டிவிடலாமே என்றால், அதைச் செய்யவே செய்யாதீர்கள். இதில் நான் பட்டிருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு வழி பார்ப்பதற்காகப் போனை ஹேண்டிலில் மாட்டி ஒரு மாதம் ஓட்டினேன். அதற்கப்புறம் கேமராவைத் திறந்தாலே உள்ளேயிருந்து மெல்லிய கிர்ர் சத்தம். ஃபோகஸ் பிடிக்காமல் படம் ஜெல்லி மாதிரி நடுங்கியது. காரணம் இதுதான்: நல்ல போன்களில் ஆட்டத்தைச் சமாளிக்க லென்ஸை மிதக்கவிட்டிருப்பார்கள். கை அசைந்தால் அந்த லென்ஸ் எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். பைக் எஞ்சினின் விடாத அதிர்வு அந்த நுட்பமான அமைப்பைக் கெடுத்துவிடும். ஆப்பிள் நிறுவனமே 2021-ல் இதைப் பற்றி எச்சரித்து, சக்தி கூடிய பைக்குகளில் ஐபோனை மாட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. கோப்ரோ மாதிரியான ஆக்‌ஷன் கேமராவில் அப்படி நகரும் லென்ஸ் கிடையாது. படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு, கணக்குப் போட்டே ஆட்டத்தை அடக்குகிறது. அதனால்தான் அடி தாங்குகிறது.

அதை எங்கே மாட்டுவது என்பதுதான் கேமராவைவிட முக்கியம். நெஞ்சில் கட்டினால் இரண்டு கையும் ஹேண்டிலும் தெரியும், முதல் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் கொண்டை ஊசியில் திரும்பும்போது நெஞ்சு பாறைச்சுவரைத்தான் பார்க்கிறது. ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் மாட்டிப் பாருங்கள். ஓட்டுகிறவர் வளைவுக்குள் நுழையும் முன்பே தலையைத் திருப்பி, மேலே ரோடு எங்கே போகிறது என்று பார்ப்பார் இல்லையா? கேமராவும் கூடவே திரும்பும். அடுத்த ரோடு தலைக்கு மேலே தெரிகிற அந்த ஒரு விநாடிதான் மலை ஏறுகிற உணர்வு. அப்புறம் அடிவானத்தை நேராகவே வைத்திருக்கும் வசதி ஒன்று இருக்கிறது, வளைவுகளில் அதை அணைத்துவிடுங்கள். பைக் சாயும்போது உலகமும் கொஞ்சம் சாய்ந்தால்தான் வயிற்றில் ஏதாவது செய்யும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஷாட்டுக்காக வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது மலைப்பாதை விதி, அதை இறங்குகிறவர்கள் எல்லோரும் மதிப்பதில்லை. கேமராவை அடிவாரத்திலேயே ஓடவிட்டு, மேலே போனபிறகு அணைத்தால் போதும்.

வெளிச்சத்தில் இரண்டுமே சோதிக்கும். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டத்து வழியில், விநாடிக்கு நாலு முறை நிழலும் வெயிலும் மாறும். ஆட்டோ மோடில் விட்டால் படம் கண் சிமிட்டுகிற மாதிரி இருண்டு இருண்டு தெளியும். போனில் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடலாம், கோப்ரோவிலும் அப்படிச் செய்யலாம். பனிமூட்டத்தில் இரண்டுமே வெள்ளையை அழுக்குச் சாம்பலாக்கும். வெளிச்ச அளவை அரைப் புள்ளி ஏற்றினால் பனி பனியாக நிற்கும். இருட்டிய பிறகு லேடிஸ் சீட்டிலிருந்து சேலத்து விளக்குகளை எடுக்க, நல்ல போன்தான். கோப்ரோவின் சென்சார் சிறியது, இருட்டில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். இன்னொரு ஆக்‌ஷன் கேமராவான டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4-ல் சென்சாரைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அதில் போனோடு இருந்த இடைவெளி குறைந்திருக்கிறது. ஆனாலும் அகல லென்ஸ் அகல லென்ஸ்தான், ஊர் கோடாகவே இருக்கும்.

கிளியூர் அருவியில் மறுபேச்சு இல்லை, ஆக்‌ஷன் கேமராதான். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் கிட்டத்தட்ட 300 அடி விழுகிறது, மழை முடிந்த கையோடு போனால்தான் முழுசாகப் பார்க்கலாம். சாரலுக்குள் நின்று, பாறையில் வைத்து, தண்ணீரையே லென்ஸில் விழவிட்டு எடுக்கலாம். கோப்ரோ உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும். போன் எவ்வளவுதான் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும், பழசாகப் பழசாக அதன் ரப்பர் அடைப்பு தளர்ந்துவிடும். செங்குத்தாக இறங்கும் அந்தப் பாதையில் இரண்டு கையும் காலியாக இருப்பதும் உயிருக்கு நல்லது.

சத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் ஆதங்கம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்‌ஷன் கேமராவின் மைக்கில் காற்றுதான் கேட்கும். அதனால்தான் எல்லா வீடியோவிலும் பாட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். நான் இப்போது செய்வது இது: சின்ன காலர் மைக்கை ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சுக்குள் செருகி, வயரைச் சட்டைப்பையிலிருக்கும் போனில் மாட்டி, ரெக்கார்டரை ஓடவிடுகிறேன். கிளம்பும் முன் ஒரு கைதட்டல், எடிட்டில் படத்தையும் ஒலியையும் அதை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கியரில் எஞ்சின் முக்குவது, வளைவுக்கு முன் அடிக்கும் ஹாரன், பின்னாலிருந்து "பார்த்து, பார்த்து மாப்ள" என்கிற குரல் எல்லாம் சுத்தமாக விழுகிறது. மேலே போனதும் எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் வெறும் காட்டுச் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டைவிட அது ஒட்டும்.

எடிட்டில் உட்காருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பெரும்பாலான போன்கள் விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராக எடுப்பதில்லை, கொஞ்சம் ஏறி இறங்கும். நீண்ட ஷாட்டில் தனி ஆடியோ வைத்தால் உதடும் குரலும் மெல்ல விலகும். ஆக்‌ஷன் கேமராவில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பதிவு அளவை 100 எம்பிபிஎஸ்-ல் (விநாடிக்கு 100 மெகாபிட்) வைத்தால் நிமிடத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஏறி இறங்கும்போதே நிறைந்துவிடும்.

ட்ரோன் பற்றிக் கேட்பீர்கள். 250 கிராமுக்கு உட்பட்டதைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட 2021 விதிகளின்படி பைலட் சான்று வேண்டாம்தான். ஆனால் எங்கே பறக்கவிடலாம் என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மண்டலம் பார்க்க வேண்டும், காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் போக வேண்டும், பனி இறங்கினால் பறக்கவே முடியாது. ஒருநாள் பயணத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

தை மாதப் படம் ஆறு நிமிடம் வந்தது. அதில் ஆக்‌ஷன் கேமராவிலிருந்து எடுத்தது ஒன்றரை நிமிடம்கூட இல்லை, வளைவுகள் மட்டும். மீதி எல்லாம் போன், நடந்தும் நின்றும் எடுத்தது. அதனால் கையில் ஓரளவு நல்ல போன் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு யாரிடமாவது ஒருநாள் கேமரா இரவல் வாங்குங்கள். தனியாகவே ஓட்டுகிறவர், மழையிலும் அருவியிலுமே சுற்றுகிறவர் என்றால் மட்டும் ஆக்‌ஷன் கேமராவில் காசு போடலாம். ஆட்டத்தை அடக்கும் கைப்பிடியான கிம்பலுக்குப் போடுகிற காசை நான் மைக்கில்தான் போடுவேன்.

அடுத்து பங்குனியில் போக வேண்டும். முதல் மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் காப்பிச் செடி மொத்தமாகப் பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும், இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். இந்த முறை கொண்டை ஊசி வழியாக ஏறி, கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்குவதாகத் திட்டம். பூவுக்குப் பக்கத்தில் போய் எடுக்க வேண்டியிருப்பதால் போன் மட்டும்தான் கொண்டுபோகிறேன். மழைச் சேதி வந்த அன்றே தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணன் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.